சுகர் போடரில் நிற்கிறது: கண்ணைக் காக்க எந்தக் கறிச்சரக்கு?

வெறுவயிற்றுச் சீனி 112. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 6.0. ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டர், "போடர்ல நிக்குது பிள்ள. இப்ப குளிசை தேவையில்ல. சாப்பாட்டப் பாருங்க, நடங்க, மூணு மாசத்தால வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். எனக்கு 44 வயது. துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மட்டக்களப்பில் உள்ள கல்லடிக்கு வந்து சேர்வதற்குள் செய்தி வீட்டுக்கு முந்திக்கொண்டது. பொழுது படுவதற்குள் வைத்தியமும் வந்துவிட்டது.

சாச்சி வெந்தயம் என்றா. "இரவைக்கு ஊறப்போடுகா, விடிய வெறுவயித்துல அந்தத் தண்ணியக் குடி. மறுகா ஒரு டொக்டரும் வேணாம்." சுவிஸில் இருக்கிற அத்தான் மஞ்சள் குளிசைப் போத்தல் இரண்டு ஆட்களிடம் கொடுத்துவிடுவதாக வட்ஸ்அப்பில் சொன்னார். எங்களோடு வேலை செய்கிற காத்தான்குடி ராத்தாவுக்குக் கறுவாத் தேத்தண்ணிதான் நம்பிக்கை. அம்மா ஒன்றுதான் கேட்டா: "கண்ணக் காட்டினயா?"

அவ கேட்டதில் நியாயம் இருக்கிறது. பத்து வருசத்துக்கு முந்தி அம்மாவுக்குப் பார்வை மங்கியபோது நாங்கள் ஓடியது கண்ணாடிக் கடைக்கு. ஆறு மாதத்தில் இரண்டு கண்ணாடி மாற்றினோம். இரண்டும் கொஞ்ச நாள் சரியாக இருந்துவிட்டுப் பிழையாகிப் போயின. இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லை நீரை இழுத்து ஊதும், பிறகு வற்றும். கண்ணாடியின் அளவும் அதோடு மாறும். சுகர் பார்த்தீர்களா என்று கடையில் யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் கண் டொக்டர் உள்ளே பார்த்தபோது விழித்திரையில் இரத்தம் கசிந்திருந்தது. லேசர் பிடித்தார்கள். இருந்த பார்வை நின்றது, போனது வரவில்லை.

வில்லை, விழித்திரை என்கிற இந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துக்கொண்டால்தான் பிறகு வரும் கதை விளங்கும். வில்லை வெளுத்தால் அது கண்புரை. எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கலாம். விழித்திரை கமெராவின் பிலிம் மாதிரி. அதை மாற்ற முடியாது.

போடரில் நிற்கிற ஆளுக்குக் கண்ணைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். வெறுவயிற்றுச் சீனி 100 முதல் 125 வரை, அல்லது எச்.பி.ஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அமெரிக்கக் கணக்கில் போடர். உலக சுகாதார நிறுவனம் வெறுவயிற்றுக்கு 110இல் இருந்துதான் எண்ணுகிறது. நான் இரண்டிலும் அகப்பட்டேன். அமெரிக்காவில் நடந்த பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இன்னும் நீரிழிவு வராமல் போடரிலேயே இருந்தவர்களின் கண்ணைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். 7.9 வீதமானவர்களுக்கு விழித்திரையில் நீரிழிவுக்குரிய மாற்றம் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. பதின்மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 2005–2006இல் எடுத்த நாடளாவிய கணக்கில் வளர்ந்தவர்களில் 10.3 வீதத்துக்கு நீரிழிவும், அதற்கு மேலாக 11.5 வீதத்துக்கு இந்தப் போடர் நிலையும் இருந்தது. கல்லடியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் வரும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வந்த வைத்தியம் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் உரசிப் பார்த்தேன்: இதைச் சோதித்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? மனிசரின் கண்ணையா, மனிசரின் சீனியையா, எலியையா?

சாச்சியின் வெந்தயத்தில் தொடங்குகிறேன். 2015இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் போடரில் இருந்த 140 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்கு வெந்தயத் தூள் 5 கிராம் வீதம் நாளுக்கு இரண்டு தரம், சாப்பாட்டுக்கு முன், மூன்று வருசம் கொடுத்தார்கள். சாப்பிடாதவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 4.2 மடங்கு கூட. ஆய்வு சிறியதுதான். ஆனால் மூன்று வருசம் ஒரு கசப்புத் தூளை ஆட்களைத் தின்ன வைத்ததே பெரிய காரியம்.

இதில் சாச்சிக்குத் தெரியாத விசயம், தண்ணீரை விட விதைதான் முக்கியம் என்பது. வெந்தயத்தில் கிட்டத்தட்டப் பாதி நார். அதில் ஒரு பங்கு தண்ணீரில் கொழகொழப்பாகி, குடலில் மாச்சத்து சீனியாக மாறி ஏறும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. ஊறின தண்ணீரைக் குடித்துவிட்டு விதையை வாழைக்கு ஊற்றினால் வாழைக்கு நல்லது.

அளவுக் கணக்கும் இருக்கிறது. "நாங்க நெடுகச் சொதிக்குப் போடுறதுதானே" என்பார்கள். ஒரு நாள் நகைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஐந்து பேருக்கு வைக்கிற சொதிக்கும் மீன் ஆணத்துக்கும் சேர்த்து என் கை அள்ளியது இரண்டரைக் கிராம். ஆளுக்கு அரைக் கிராம் விழும். அந்த ஆய்வில் கொடுத்தது 10 கிராம். கறிக்குப் போடுவது வாசத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது. அதை ஆய்வுக் கணக்கில் எழுத முடியாது. 10 கிராம் என்றால் தேக்கரண்டி மூன்று. வாங்கி, கல் பொறுக்கி, இளஞ்சூட்டில் வறுத்து, தூளாக்கித் தயிரில் கலந்தால் இறங்குகிறது. கல் பொறுக்குவது அம்மாவின் வேலை. சுளகில் பரப்பிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலாலேயே தடவிக் கல்லை எடுப்பா. பார்த்துப் பொறுக்கிய காலத்தில் தப்பிய கல்லும் இப்போது தப்புவதில்லை.

முதல் கிழமை வயிறு ஊதும். வியர்வையில் சீனிப்பாகு மாதிரி ஒரு மணம் வரும், பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டிய ஆட்கள் வேறு: சீனியை இறக்கும் குளிசையோ ஊசியோ போடுகிறவர்கள், இரத்தம் உறையாமல் வார்ஃபரின் குடிப்பவர்கள், பிள்ளை வயிற்றில் இருப்பவர்கள். அம்மா கிளிக்லசைட் என்ற சீனிக் குளிசை குடிக்கிறவ. எனக்கு மருந்தளவாக இருப்பது அவவுக்குச் சீனியைக் கிடுகிடுவென்று இறக்கிவிடலாம். அதனால் ஒரே வீட்டில் எனக்கு மூன்று தேக்கரண்டி, அவவுக்குச் சொதியில் இருப்பது மட்டும். சாச்சிக்கு இது இன்னும் கோபம்.

கண்ணை நேரே பார்த்த ஆய்வு என்று தேடினால் மஞ்சளிடம் வந்து நிற்போம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய போசாக்கு நிறுவனத்தில் எலிகளுக்கு நீரிழிவை வரவைத்து, தீனியில் நூற்றுக்கு அரைப் பங்கு மஞ்சள் கலந்து கொடுத்தார்கள். 2005இல் வெளியான முடிவு எனக்கு வியப்பாக இருந்தது. எலிகளின் சீனி இறங்கவே இல்லை. ஆனால் கண்புரை முற்றுவது பிந்தியது. மஞ்சளில் இருந்து பிரித்தெடுத்த குர்குமினை விட முழு மஞ்சள் கூடுதலாக வேலை செய்தது. சீனி மிஞ்சும்போது வில்லைக்குள் அது சோர்பிடோல் என்று மாறித் தேங்கி நீரை இழுக்கிறது, வில்லையின் புரதமும் கட்டிபடுகிறது. மஞ்சள் இந்த இரண்டையும் தணித்தது. அதே நிறுவனத்தில் இஞ்சிக்கும் இப்படி ஒரு முடிவு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் பார்த்தது எலி, பார்த்த இடம் வில்லை. அம்மாவுக்குக் கெட்டது விழித்திரை.

மனிசரில் மஞ்சளுக்குள்ள பெரிய சாட்சி தாய்லாந்தில் இருந்து வந்தது. 2012இல் வெளியான ஆய்வில் போடரில் இருந்த 240 பேரில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதம் குர்குமின் குளிசை. மருந்தில்லாத வெறும் குளிசை குடித்தவர்களில் 16.4 வீதம் நீரிழிவுக்குள் போனார்கள். குர்குமின் குடித்தவர்களில் ஒருவர்கூடப் போகவில்லை. பூச்சியம்! அத்தான் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியின் தலைப்பும் இதுதான். இவ்வளவு அழகான முடிவைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும், என் குணம் அப்படி. சந்தேகத்தை விட்டாலும் அளவு நிற்கிறது: நாளுக்கு 1.5 கிராம் குர்குமினொயிட், அதாவது குர்குமின் வகைச் சத்து. வீட்டு மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அப்படியென்றால் நாளுக்கு 50 கிராம் மஞ்சள் தூள். ஒரு மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. கறி வைத்து அந்த அளவைப் பிடிக்க ஒரு மனிசராலும் ஆகாது.

அப்போது குளிசை நல்லதுதானே என்பார் அத்தான். செறிவாக்கிய மஞ்சள் குளிசையால் ஈரல் கெட்டு ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறது. உடம்பு குர்குமினை இலகுவில் ஏற்காது என்பதால் போத்தல்காரர் மிளகுச் சத்தைச் சேர்க்கிறார்கள். குர்குமினை உள்ளே விடுகிற அந்தக் கதவு வேறு மருந்துகளுக்கும் திறக்கும். பித்தப்பையில் கல் இருப்பவர்களும் தள்ளி நிற்க வேண்டும். போத்தல் இரண்டும் வந்து சேர்ந்தன. அலுமாரியில் இருக்கின்றன. அத்தான் இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

கறி மஞ்சளை விட்டுவிடச் சொல்லவில்லை. வாங்குவதில்தான் கவனம் வேண்டும். 2019 கடைசியில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை ஆயிரக்கணக்கில் ஏறி, கடையில் மஞ்சள் என்ற பெயரில் மாவை விற்ற காலம் நினைவிருக்கும். நிறத்துக்காக ஈய குரோமேற்று பூசிய மஞ்சளை 2019இல் பங்களாதேசில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஈயம் ஒரு நஞ்சு. அதனால் கட்டி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கண் முன்னால் அரைத்து எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த இறக்குமதித் தடை நாளில் வளவுக்குள் நட்ட பத்துக் கிழங்கு இன்றைக்கும் தளிர்க்கிறது. அரசாங்கத்துக்கு நன்றி.

ராத்தாவின் கறுவாவுக்கு ஒரு சின்னத் திருத்தம் போதும். 2020இல் வந்த ஓர் ஆய்வில் போடரில் இருந்த 51 பேருக்கு நாளுக்கு ஒன்றரைக் கிராம், 12 கிழமை. கறுவா குடித்தவர்களின் வெறுவயிற்றுச் சீனி ஏறாமல் நின்றது. கண்ணை யாரும் பார்க்கவில்லை. ஆனால் எந்தப் பட்டை என்பது முக்கியம். நம்முடைய கறுவா காலி, மாத்தறைப் பக்கம் உரிப்பது. மெல்லிய தாள் போன்ற பட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டிய குழல், விரலால் நசித்தால் நொறுங்கும். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சிலோன் சினமன்' என்ற பெயருக்கே புவிசார் காப்புக் கொடுத்தது. தடித்த, ஒரே சுருளான, மரத்துண்டு போன்ற பட்டை காசியா. அதில் குமாரின் என்ற பொருள் கூட, ஈரலுக்குக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்த எல்லை, உடல் நிறை ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு அந்த எல்லை வர, காசியாத் தூள் இரண்டு கிராம் அளவே காணும். நம்முடையதில் குமாரின் இல்லை என்றே சொல்லலாம். இதில் உள்ள பகிடி, உலகத்தில் நடந்த கறுவா ஆய்வுகளில் பெரும்பாலானவை காசியாவில் நடந்தவை. சோதனை ஒரு பட்டையில், பாதுகாப்பு மற்றப் பட்டையில். ராத்தா, உங்கள் தேத்தண்ணி வாசத்துக்காக நல்லது. அவ்வளவுதான். அதிலும் அந்த இரண்டு கரண்டி சீனியைப் பற்றித் தனியே கதைக்க வேண்டும்.

இஞ்சிக்கும் கதை அதேதான். இஞ்சித் தேத்தண்ணி உடம்புக்கு நல்லது என்று நாளுக்கு நாலு தரம், தரத்துக்கு இரண்டு கரண்டி சீனியோடு குடித்தால் முப்பது கிராமுக்கு மேல் சீனி போகிறது. நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளேன்டீயைச் சீனி இல்லாமல் குடிக்க எனக்கு மூன்று கிழமை பிடித்தது; அந்த மூன்று கிழமைக்கு இஞ்சியும் கறுவாவும் கைகொடுத்தன. அவற்றுக்கு என் கணக்கில் இதுதான் புள்ளி. குங்குமப்பூவைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அது வேறு கண்வருத்தத்துக்கு, வேறு ஆட்களின் பணப்பைக்கு.

இனி, மனிசரின் விழித்திரையையே பார்த்த ஆய்வு. சீனாவில் தாச்சிங் என்ற எண்ணெய் நகரத்தில் 1986இல் தொடங்கியது. போடரில் இருந்த 577 பேர். சிலருக்குச் சாப்பாட்டு மாற்றம், சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும், ஆறு வருசம். ஆய்வு தொடங்கி இருபது வருசம் ஆனபோது திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பார்வையைப் பறிக்கிற கடுமையான விழித்திரைப் பாதிப்பு, அந்த ஆறு வருசம் நடந்து சாப்பாட்டைத் திருத்தியவர்களிடம் 47 வீதம் குறைவு. என் கேள்விக்கு நேராகப் பதில் சொன்னது நான் பார்த்த வரையில் இது ஒன்றுதான். இதில் ஒரு சரக்கும் இல்லை.

இரத்த அழுத்தத்தையும் சரக்குப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. பிரித்தானியாவில் நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு எழுத்துப் பலகையில் மூன்று வரி பார்வை இறங்கும் அபாயம் குறைந்தது. தற்செயலாக அதுவும் 47 வீதம். நம்முடைய பக்கத்தில் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? கருவாட்டில் இருந்து, ஊறுகாயில் இருந்து, ஆணத்தில் கை தாராளமாக அள்ளிப் போடும் உப்பில் இருந்து. சரக்கின் உண்மையான பெறுமதி எனக்கு இங்கேதான் தெரிந்தது. மிளகு, நற்சீரகம், உள்ளி, பழப்புளியைக் கூட்டினால் உப்பைக் குறைத்த ஆணம் தொண்டைக்குள் இறங்குகிறது. வெந்தயத்தின் கசப்புக்குப் பக்கத்தில் சோறு குறைவது வேறு கதை.

சோற்றைத் தொடாமல் மட்டக்களப்பில் எதையும் பேச முடியாது. படுவான்கரையில் வயல் வைத்திருக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். சோற்றை விடச் சொன்னால் என் மாமாமார் என்னை விட்டுவிடுவார்கள். விடவில்லை. சிவப்புக் குத்தரிசிக்கு மாறினேன். மூன்று அகப்பையை ஒன்றரையாக்கி, கோப்பையின் மற்றப் பாதியில் பொன்னாங்காணிச் சுண்டலும் மீனும். கண்ணுக்குப் பொன்னாங்காணி என்று பெரியம்மா சொன்னதை அப்போது சிரித்துவிட்டுப் போனேன். கரும்பச்சைக் கீரையில் உள்ள லூட்டீன் என்ற நிறப்பொருள் விழித்திரையின் நடுவில்தான் படிந்து கிடக்கிறது என்று தெரிந்த பிறகு சிரிப்பில்லை. பின்னேரம் கல்லடிப் பழைய பாலத்தில் நடை, கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம். முன்னே சொன்ன அமெரிக்க ஆய்வில் கேட்டதும் கிழமைக்கு 150 நிமிசமும் நிறையில் 7 வீதக் குறைப்பும்தான்; அதற்கு நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கிற மெட்ஃபோமின் குளிசைக்கு 31. சென்னையில் நம்மைப் போன்ற உடம்புகளில் பார்த்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே, 28.5, 26.4 என்று நின்றன. நடக்க முடியாத காலுள்ளவர்கள், நிறை மிகக் கூடியவர்கள், பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி ஏறியவர்கள் மெட்ஃபோமினைப் பற்றி டொக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். வெந்தயத்தை விட அது தாழ்ந்ததில்லை.

ஆக, நான் எடுத்தது: வெந்தயத் தூள் நாளுக்கு இரண்டு தரம், மஞ்சள் கறிக்குள், கறுவா நொறுங்குகிற பட்டையாக இருந்தால் தேத்தண்ணிக்குள், குளிசைப் போத்தல் அலுமாரிக்குள். இவற்றை விட நடைக்கும் அகப்பைக் கணக்குக்கும்தான் கூடுதல் மினக்கெடுகிறேன். மூன்று மாதத்தில் எச்.பி.ஏ1சி 5.8. இதில் எவ்வளவு வெந்தயத்தால், எவ்வளவு பாலத்தால் என்று பிரிக்க முடியாது. சாச்சி பிரித்துவிட்டா.

அம்மாவின் கேள்விக்கும் போய்ப் பதில் எடுத்துவந்தேன். கண்ணைக் காட்டுவது எழுத்து வாசிக்கிற சோதனையோடு முடிவதில்லை. விழித்திரையில் கசிவு தொடங்கிய பிறகும் கடைசி வரியை வாசிக்கலாம். துளிமருந்து விட்டு, கண்மணியை விரித்து, உள்ளே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 35 வயதுக்கு மேலென்றால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டரில் சீனியும் அழுத்தமும் காசில்லாமல் பார்ப்பார்கள். கண் டொக்டரிடம் போக அங்கிருந்து துண்டு கேட்கலாம். எனக்கு உள்ளே துப்புரவாக இருந்தது. ஆனால் துளிமருந்தின் வேலை நாலைந்து மணித்தியாலம் நிற்கும் என்பதை ஸ்கூட்டியில் போன பிறகுதான் அறிந்தேன். தம்பியை வரச் சொல்லி, அம்மாவின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி வந்தேன். பாலத்துக்கு வந்தபோது உச்சி வெயில். வாவித் தண்ணீர் முழுவதும் கண்ணுக்குள் கொட்டினது மாதிரி இருந்தது. வீடு வரும் வரைக்கும் தம்பியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தேன்.